தாத்தா இறந்தது எந்த மாதம்?

போன மழைக்காலத்தில் ஒரு மாலை. ரங்கூனில் எங்கள் தெருவுக்குக் கரண்டு இல்லாத நேரம். பக்கத்துக் கட்டடத்துப் பெரியம்மா இருட்டில் மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்தார். கையில் போன். வைபரில் யாரோ அனுப்பிய ஒரு வரியைக் காட்டினார்: 1956க்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் மகளுக்குச் சொத்து உண்டு, இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பு.

"தம்பி, நீதான் தமிழ்ப் பத்திரமெல்லாம் படிப்பியே. இது நமக்கும் உண்டா?"

பெரியம்மாவின் தாத்தா சிவகங்கைப் பக்கத்துக்காரர். கப்பலேறி வந்து இங்கே அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். சம்பாதித்த காசில் ஊரில் மூன்று ஏக்கர் நஞ்சை வாங்கிப் போட்டார். பாட்டி முன்பே போய்விட்டார். மகன் ஊரோடு இருந்துவிட்டார். மகள், அதாவது பெரியம்மாவின் அம்மா, இங்கேயே கல்யாணமாகி இங்கேயே கண்ணை மூடினார். நிலம் இப்போது மகன் வழிப் பேரன்கள் கையில். இப்படி ஒரு கதை இல்லாத பர்மாத் தமிழ்க் குடும்பம் குறைவு.

அந்த வைபர் செய்தி பொய்யில்லை, அரைகுறை. முழுப் பொய்யை ஒரு வக்கீல் ஒரு நிமிஷத்தில் தட்டிவிடுவார். அரை உண்மையை நம்பி ஊருக்கு டிக்கெட் எடுத்து, வக்கீல் பீஸ் கட்டி, சொந்தக்காரர்களோடு மனஸ்தாபமும் ஆகித் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஆகவே அண்மை ஆண்டுகளில் அங்கே வந்த தீர்ப்புகளில் நம்மைத் தொடுகிறவற்றை மட்டும் எடுத்து, எது யாருக்குப் பொருந்தும் என்று சொல்லப் பார்க்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் 2019 முதல் முக்கியத் தீர்ப்புகளைத் தமிழிலும் மொழிபெயர்த்து இணையத்தில் போடுகிறது. பொறுமை இருந்தால் யாரும் படிக்கலாம்.

செய்தியில் இருந்த தீர்ப்பு, 2022 ஜனவரி 20இல் வந்த அருணாசல கவுண்டர் வழக்கு. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடும்பம். ஒருவர் 1938இல் கோர்ட் ஏலத்தில் நிலம் எடுத்தார். அவருக்கு ஒரே மகள், மகன் இல்லை. அவர் இறந்தபின் அந்த மகளும் 1967இல் பிள்ளையில்லாமல் இறந்துபோனார். நிலம் எடுத்தவரின் சகோதரர் மகன், கூட்டுக் குடும்பத்தில் மிஞ்சிய ஆண் வாரிசு நான்தான் என்று நிலம் முழுவதையும் வைத்துக்கொண்டார். அவருடைய அக்கா தங்கைகள் தரப்பு 1991இல் ஐந்தில் ஒரு பங்கு கேட்டு வழக்குப் போட்டது. 1994இல் கீழ்க்கோர்ட்டில் தோல்வி, 2009இல் உயர் நீதிமன்றத்தில் தோல்வி. உச்ச நீதிமன்றம் இரண்டையும் புரட்டிப் போட்டது. நிலம் அந்த மனிதர் தாமே வாங்கியது, ஆகவே மிதாக்ஷரம் என்ற பழைய இந்துச் சட்டப்படியே சகோதரர் மகனுக்கு முன்னால் மகளுக்குத்தான் அது போகும், மகள் வாரிசில்லாமல் இறந்ததால் அப்பா வழி வாரிசுகளுக்குச் சமமாகப் பிரியும் என்றது.

இந்த வழக்கில் நான் இரண்டு தடவை படித்த இடம் வேறு. நிலத்துக்குரியவர் இறந்தது 1949இலா, 1957இலா என்பதிலேயே இரண்டு தரப்பும் மோதின. 1949 என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது. காரணம், 1956 ஜூன் 17. இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. ஒருவர் அதற்கு முன் இறந்தாரா பின் இறந்தாரா என்பதைப் பொறுத்துச் சட்டமே வேறாகிவிடுகிறது.

வைபர் செய்தி விட்டுவிட்டது இதைத்தான்: திருச்செங்கோட்டு மனிதருக்கு மகன் இல்லை. 1956க்கு முந்தைய சட்டத்தில் ஒருவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து முதலில் மகன், பேரன், கொள்ளுப்பேரனுக்கும் மனைவிக்கும், அவர்கள் யாரும் இல்லாவிட்டால்தான் மகளுக்கு. மகன் இருந்த வீட்டில், 1956 ஜூனுக்கு முன் அப்பா இறந்திருந்தால், 2022 தீர்ப்பால் மகளுக்குப் புதிதாக ஒன்றும் வந்துவிடவில்லை.

சரி, ஜூன் 17க்குப் பிறகு இறந்திருந்தால்? அப்போது எந்தத் தீர்ப்புமே வேண்டாம். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியம் மகன், மகள், மனைவி, தாய் நால்வருக்கும் சமம் என்று 1956 சட்டமே சொல்லிவிட்டது. பெண்களுக்குச் சொத்து 2005இல்தான் வந்தது என்று நம்மில் பலர் இன்னமும் நினைக்கிறார்கள். பர்மாவில் சம்பாதித்து ஊரில் வாங்கிய நிலத்துக்கு அது சரியில்லை. அப்பா 1960இல் இறந்திருந்தால் மகளுடைய பங்கு 1960இலேயே பிறந்துவிட்டது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

2005 எதற்கு என்றால், பூர்வீகச் சொத்துக்கு. பாட்டன் பூட்டன் வழியாகக் கூட்டுக் குடும்பத்தில் வந்த சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே இருந்த உரிமையை, 2005 செப்டம்பர் 9 முதல் மகளுக்கும் கொடுத்தார்கள். தமிழ்நாடு 1989 மார்ச் 25இலேயே தனியாக ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தது. ஆனால் அதற்கு முன் கல்யாணமான பெண்களை அது சேர்க்கவில்லை. 2005க்குப் பிறகு ஒரு சிக்கல் எழுந்தது: அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா? வேண்டும் என்றது 2015இல் ஒரு தீர்ப்பு. 2018இல் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, அப்பா 2001இலேயே இறந்த குடும்பத்தில் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. கீழ்க்கோர்ட்டுகள் எதைப் பிடிப்பது என்று திண்டாடின. 2020 ஆகஸ்ட் 11இல் மூன்று நீதிபதிகள் வினீதா சர்மா வழக்கில் முடித்து வைத்தார்கள்: மகள் பிறப்பால் பங்காளி, அப்பா அந்தத் தேதியில் இருந்தாரா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் டிகிரியாலோ பாகம் பிரிந்திருந்தால் அதைத் தொட முடியாது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்ற பேச்சு சாதாரணமாக எடுபடாது. ஒரு தீர்ப்பின் தலைப்பை மட்டும் பார்த்து நடக்கக் கூடாது என்று நான் எல்லாரிடமும் சொல்வது இந்த ஐந்து வருஷக் குழப்பத்தைப் பார்த்ததால்தான்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்னதெல்லாம் இந்தியாவில் கிடக்கும் நிலத்துக்கு. நிலம் எங்கே இருக்கிறதோ அந்த நாட்டு வாரிசுச் சட்டம்தான் அதற்கு. இங்கே பர்மாவில் இருக்கும் வீட்டுக்கும் மனைக்கும் 1898ஆம் ஆண்டு பர்மா சட்டங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவு இந்துக்களுக்கு இந்துச் சட்டம் என்கிறது. அந்த இந்துச் சட்டம் இந்தியாவில் 1956இலும் 2005இலும் மாறியது போல இங்கே மாறவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும் ஒரு தேதி உண்டு. பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது 1937 ஏப்ரல் 1. விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு கொடுத்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் டெல்லியில் வந்தது அதே ஏப்ரல் 14. இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் ரங்கூன் விதவைகள் அந்தச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டார்கள்.

அடுத்தது, நம்மிடையே யாரும் சத்தமாகப் பேசாத விஷயம். ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம். 1949இல் சென்னை மாகாணம் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடை செய்தது, 1955இல் இந்தியா முழுவதும் தடை. அதற்கு முன் நடந்த இரண்டாம் கல்யாணம் அந்தக் காலச் சட்டப்படி செல்லும், பிள்ளைகளுக்கு முழு உரிமை. பிறகு நடந்த கல்யாணம் செல்லாது. ஆனால் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? 2023 செப்டம்பர் 1இல், அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் மூன்று பேர் அமர்வு ரேவணசித்தப்பா வழக்கில் இதற்குப் பதில் சொன்னது. செல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பா அம்மா சொத்தில் உரிமை உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால், அப்பா சாவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் பாகம் பிரித்திருந்தால் அவர் பங்குக்கு என்ன வந்திருக்குமோ, அதிலும் உரிமை உண்டு. பிறப்பாலேயே பங்காளி என்று மட்டும் கேட்க முடியாது. சித்தப்பா, பெரியப்பா பங்கில் கை வைக்க முடியாது. அந்த இரண்டாம் மனைவிக்கு இந்தத் தீர்ப்பால் எதுவும் இல்லை. அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

கல்யாணம் என்று ஒன்று நடந்ததற்கே அத்தாட்சி இல்லை என்றால்? பர்மியப் பௌத்த வழக்கத்தில் சடங்கு கட்டாயமில்லை. ஊரறியச் சேர்ந்து குடும்பம் நடத்தினாலே கணவன் மனைவி. பர்மியப் பெண்ணைக் கட்டிய நம் ஆட்களில் பலர் இப்படித்தான் வாழ்ந்தார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 13இல் ஒரு கேரளக் குடும்ப வழக்கில், ஆணும் பெண்ணும் நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் கல்யாணம் நடந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. ஆகவே பழைய குடும்ப போட்டோ, பள்ளிக்கூடப் பதிவில் அப்பா பெயர், கோயில் நன்கொடைச் சீட்டில் இருவர் பெயரும் சேர்ந்து இருப்பது, எதையும் குப்பை என்று எறியாதீர்கள்.

பெரியம்மாவின் அடுத்த கேள்வி எல்லாரும் கேட்பதுதான். "அவங்க அனுபவிச்சு எழுபது வருஷம் ஆச்சே, இன்னமும் நம்ம பங்கு நிக்குமா?"

பன்னிரண்டு வருஷம் ஒருவர் பிறர் நிலத்தைத் தன்னுடையது என்று வெளிப்படையாக அனுபவித்தால் உரியவரின் உரிமை போய்விடும், இதை எதிரிடை அனுபவம் என்பார்கள். ஆனால் உடன்பங்குதாரர்களுக்குள் கணக்கு வேறு. ஒரு பங்காளி நிலத்தில் இருந்தால் எல்லாப் பங்காளிகளுக்காகவும் இருக்கிறார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். உச்ச நீதிமன்றம் 1950களிலேயே சொல்லி இன்றுவரை மாறாதது இது. பட்டா அவர் பெயருக்கு மாறியது மட்டும் போதாது. உனக்குப் பங்கில்லை என்று மற்றவருக்குத் தெரியும்படி அவர் மறுத்திருக்க வேண்டும், அந்த நாளிலிருந்துதான் பன்னிரண்டு வருஷம் ஓடும். அதனால் இங்கே முக்கியம் கடிதங்கள். 1980களில் ஊரிலிருந்து "உங்களுக்கு இங்கே ஒண்ணும் கிடையாது" என்று எழுதி வந்திருந்தால் உங்கள் வழக்கு அநேகமாக முடிந்தது. "மகசூல் சுமார், உங்க பங்கு பத்திரமா இருக்கு" என்று வந்திருந்தால் அந்த நீலக் கடிதம் பத்திரத்துக்குச் சமம். நடுவில் நிலத்தை வேற்றாளுக்கு விற்றிருந்தால் சிக்கல் கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வழக்கு எப்படி மேலே போகும் என்பது தெரிந்தால் கடிதத்தை ஏன் முதலிலேயே காட்ட வேண்டும் என்பது புரியும். முன்சீப் கோர்ட்டிலோ சப் கோர்ட்டிலோ தொடங்குகிறது. அங்கே தோற்றால் முதல் அப்பீல், அதில் சாட்சியத்தை மறுபடி அலசலாம். அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் அப்பீல். சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்களுக்கு அது 2004இல் திறந்த மதுரைக் கிளை. அங்கே சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுப்பார்கள், யார் சொன்னது நிஜம் என்று பொதுவாகத் திரும்பப் பார்க்க மாட்டார்கள். உச்ச நீதிமன்றம் அதற்கும் மேல், அதுவும் அவர்கள் அனுமதித்தால். கீழ்க்கோர்ட்டில் காட்டாமல் விட்ட கடிதத்தை மதுரையில் கொண்டுபோய் நீட்டினால் வாங்கிக்கொள்வது அபூர்வம். திருச்செங்கோட்டு வழக்கு 1991இல் தொடங்கி 2022இல் முடிந்தது. முப்பத்தொரு வருஷம். இந்தக் கணக்கைச் சொன்னபோது பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

நாம் அங்கே போய் உட்கார முடியாது என்பதால் பவர் எழுதிக் கொடுப்போம். ரங்கூன் மெர்ச்சன்ட் தெருவில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தை அத்தாட்சி செய்து வாங்கி, அது இந்தியா போய்ச் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவர் கொடுத்ததாலேயே நிலம் கைமாறிவிடாது, பவர் வழிக் கிரயம் உரிமை தராது என்று 2011இலேயே தீர்ப்பு உண்டு. அது நமக்கு நல்லது. ஒரு சித்தப்பா மகனுக்கு நம்பிக் கொடுத்த பவரைக் காட்டி நிலத்தையே வாங்கிவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

தாய்ப் பத்திரம் இல்லாதவர்களுக்கு ஒரு சேதி. தமிழ்நாட்டில் 2022இல் கொண்டுவந்த 55ஏ விதியைக் காட்டி, மூலப்பத்திரம் இல்லாவிட்டால் சார்பதிவாளர்கள் பதிய மறுத்தார்கள். 1942இல் நடந்தே ஊர் போனவர்களும், 1964இல் ராணுவ ஆட்சி கடைகளை எடுத்தபின் ஒரு பெட்டியோடு கப்பலேறியவர்களும் மூலப்பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? 2025 ஏப்ரல் 7இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி பதிவுச் சட்டத்துக்குப் புறம்பானது என்று அடித்துவிட்டது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது பதிவாளர் வேலையில்லை என்றது. ஆனால் அதே மாதக் கடைசியில் தமிழ்நாடு சட்டமன்றம் அதே நிபந்தனையைச் சட்டத் திருத்தமாகவே நிறைவேற்றியது. ஆகவே தீர்ப்பை மட்டும் நம்பிப் போகாமல், இன்றைய நிலை என்ன என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

குடியுரிமை பற்றி இளைஞர்கள் நிறையக் கேட்கிறார்கள். தாத்தா தஞ்சாவூரில் பிறந்தவர், அரசியலமைப்பின் 8ஆம் பிரிவில் எனக்கு இந்தியக் குடியுரிமை உண்டு என்று ஒரு பேச்சு இங்கே சுற்றியது. அதற்கு இடமும் இருந்தது, ஏனென்றால் 1999இல் சிங்கப்பூரில் பிறந்த ஓர் இளைஞருக்கு இந்தியக் குடியுரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 18இல் அதை ரத்து செய்தது. அரசியலமைப்பு வந்து எத்தனையோ காலம் கழித்து வெளிநாட்டில் பிறந்தவர், தாத்தா பாட்டி பிறந்த மண்ணைக் காட்டி 8ஆம் பிரிவில் உள்ளே வர முடியாது. 1950களில் ரங்கூன் தூதரகத்தில் பெயர் பதிந்த நம் பெரியவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது, பேரப்பிள்ளைகளுக்கு இல்லை. மிச்சம் இருப்பது ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது. அது குடியுரிமை ஆகாது, ஓட்டு இல்லை, அதை வைத்து விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருகிற நிலத்தைப் பெறத் தடையில்லை. ஆனால் அந்த விவசாய நிலத்தை விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம்.

பெற்றோர் பராமரிப்புத் தீர்ப்புகளும் வைபரில் வருகின்றன. கவனிப்பேன் என்று சொத்தை எழுதி வாங்கிய மகன் கைவிட்டால் தானப்பத்திரத்தை ரத்து செய்து வீட்டையே திரும்ப வாங்கித் தரலாம் என்று 2025 ஜனவரி 2இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நிபந்தனை வரிவரியாகப் பத்திரத்தில் இருக்க வேண்டியதில்லை, அன்புதான் அடிப்படை என்று இருந்தாலே போதும் என்று அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. நல்ல தீர்ப்புகள். ஆனால் இவற்றுக்கு அடிப்படையான 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் மூத்த குடிமகன் என்றால் அறுபது வயதான இந்தியக் குடிமகன். காரைக்குடி பர்மா காலனியில் இருக்கும் நம் அத்தைக்கு அது உதவும், இங்கே பர்மியக் குடியுரிமையோடு இருந்துகொண்டு ஊர் வீட்டைத் தம்பி மகனுக்கு எழுதிவைத்த மாமாவுக்கு அந்தப் பிரிவு உதவாது. எழுதிக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும்.

பெரியம்மா கதைக்கு வருகிறேன். தாத்தா எப்போது தவறினார் என்று கேட்டேன். "துர்முகி வருஷம்" என்றார் உடனே. அவர் அம்மா சொல்லிச் சொல்லி மனப்பாடம். மாதம்? தெரியவில்லை.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. துர்முகி வருஷம் பிறந்தது 1956 ஏப்ரல் நடுவில். சட்டம் வந்த ஜூன் 17 அதே வருஷத்து ஆனி மாதத் தொடக்கத்தில் விழுகிறது. சித்திரையிலோ வைகாசியிலோ தவறியிருந்தால் மூன்று ஏக்கரும் மகனுக்கு. ஆடியிலோ அதற்குப் பிறகோ என்றால் ஒன்றரை ஏக்கர் மகளுடையது. முனிசிபல் பதிவேட்டில் தேடினோம், கிடைக்கவில்லை. தகரப் பெட்டியில் கிரயப் பத்திரத்தின் நகல், கப்பல் டிக்கெட்டின் பாதி, நூல் கட்டிய கடிதக் கட்டு, இவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்துப் பெகு பக்கத்து ஊரிலிருந்து அவர் தம்பி மகன் ஒரு படம் அனுப்பினான். அங்கே கோயிலில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பித்தளைக் குத்துவிளக்கு. புளி போட்டுத் தேய்த்து எடுத்த படம். அடித்தட்டில் சுற்றி வெட்டிய எழுத்து: துர்முகி வருஷம் ஆவணி மாதம் சிவபதவியடைந்த, என்று தொடங்கித் தாத்தாவின் பெயர், கீழே "மகள் உபயம்".

பெரியம்மா போனை முகத்துக்குக் கிட்டே வைத்து ஆவணி என்ற சொல்லை விரலால் பெரிதாக்கி இரண்டு தடவை வாசித்தார். அப்புறம் கடிதக் கட்டின் நூலை அவிழ்த்தார். நாற்பது சொச்சம் கடிதங்கள். மை மங்கியிருக்கிறது, சில வரிகளைக் கரையான் தின்றிருக்கிறது. கரண்டு இருக்கிற சாயங்காலங்களில் நான் உரக்க வாசிக்கிறேன், அவர் தேதியைக் குறித்துக்கொள்கிறார். இதுவரை 1968 வரை வந்திருக்கிறோம்.